ஆசிய வெண்கலச் சிற்பக் கண்காட்சிக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியார் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்த ஆசிய வெண்கலச் சிற்பங்களை அருங்காட்சியகங்கள் இரவலாகப் பெற்றுச் சில மாதங்கள் காட்சிக்கு வைப்பதுண்டு. இந்தியா, நேபாளம், திபெத், தாய்லாந்து, கம்போடியா, ஜாவா, சீனா எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். அப்படியொரு கண்காட்சிக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் பதில்களும் இங்கே. முதலிலேயே ஒரு வேண்டுகோள்: சிலையின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பின்பக்கத்தையும் லேபிளின் கடைசி வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தனியார் சேகரிப்புக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தக் கூடத்துக்கும் என்ன வித்தியாசம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசுக்கு வந்தவை. எந்த ஊரில், எந்த நிலத்தில் கிடைத்தது என்ற விவரம் பெரும்பாலும் கூடவே வரும். தனியார் சேகரிப்பு அப்படியல்ல. ஒருவருடைய ரசனையும் பணமும் சேர்ந்து, கலைப்பொருள் வியாபாரிகளிடமும் ஏலத்திலும் வாங்கியது. பெரும்பாலும் வீட்டில் வைக்கத் தோதான அளவு. ஆகவே ஓரடி, இரண்டடிச் சிலைகள்தான் அதிகம் கண்ணில் படும். வரலாற்று வரிசையில் பெரிய இடைவெளிகளும் இருக்கும். சேகரித்தவருக்குப் பௌத்தத் தெய்வமான தாரா தேவியைப் பிடித்திருந்தால் தாராவாகவே நிறைந்திருக்கும்!

இன்றைய இரவல் நாளைய நன்கொடையாவதும் வழக்கம். ஜான் டி. ராக்ஃபெல்லர் மூன்றாமவரும் அவர் மனைவியும் சேர்த்தவை நியூயார்க் ஆசியா சொசைட்டிக்குப் போயின. சான் ஃபிரான்சிஸ்கோ ஆசியக் கலை அருங்காட்சியகம் எவரி பிரண்டேஜ் சேகரிப்பின் மேல் எழுந்தது. இன்னொன்றும் உண்டு: பெரிய அருங்காட்சியகத்தில் ஒருமுறை நின்றுவிட்ட சிலைக்குச் சந்தையில் மதிப்பு கூடும். கண்காட்சி என்பது கலைச் சேவை மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

‘வெண்கலம்’ என்று எழுதியிருப்பதெல்லாம் வெண்கலம்தானா?

இல்லை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால்தான் வெண்கலம். நேபாளத்து நேவார் கைவினைஞர்கள் பெரும்பாலும் ஏறக்குறையத் தூய செம்பில் வார்த்து அதன்மேல் பொன்முலாம் பூசினார்கள். செம்பில் முலாம் நன்றாகப் பிடிக்கும். காஷ்மீரச் சிற்பங்கள் பல பித்தளை. கண்ணில் வெள்ளி பதித்திருப்பார்கள், சிலவற்றில் உதட்டில் செம்பு. தென்னிந்தியச் சிலைகளில் செம்பு மிக அதிகம், கூடக் கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும். அதனால்தான் இப்போது பல லேபிள்களில் ‘செப்புக் கலவை’ என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள்.

ஐம்பொன்னில் தங்கம் நிறைய இருக்கும் என்ற பேச்சு நம் ஊர்களில் பலமாக உண்டு. பொன்னும் வெள்ளியும் சடங்குக்குச் சேர்க்கும் அளவுதான், உருக்கி விற்றுப் பிழைக்கும் அளவு இல்லை. திருடனுக்கு இது தெரியாமல் போவதுதான் பெரிய கேடு.

எப்படி வார்த்தார்கள்?

தென்னிந்தியா, நேபாளம், தென்கிழக்காசியா எல்லா இடத்திலும் அடிப்படை முறை ஒன்றுதான்: மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் இந்த முறையின் விவரிப்பு இருக்கிறது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்வதைப் பார்த்தால் புரியும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, இளக்கமான பதத்தில் கையில் எடுத்து உருவம் பிடிக்கிறார்கள். அளவுக்கு ஒரு தென்னை ஓலைத் துண்டு. சிலையின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்துப் பிரித்தால் முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று தாளக் கணக்கு, அதாவது சிற்பிகளின் உறுப்பு அளவு விகிதம், விழுந்துவிடும். தலை, உடல், கை, கால், பீடம் தனித்தனியாகச் செய்து, சுட்ட இரும்பால் மெழுகை இளக்கி ஒட்டுகிறார்கள். அப்புறம் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்து முதல் பூச்சு. அந்த மெல்லிய பூச்சில்தான் சூட்சுமமே: மெழுகில் இருக்கும் நகக்கோடும் ஆடை மடிப்பும் அதில் பதிந்தால்தான் உலோகத்தில் வரும். அது காய்ந்தபின் கனமான மண், பெரிய சிலையானால் கம்பிக் கட்டு. வரட்டித் தீயில் சூடாக்கினால் மெழுகு துளை வழியே வடிந்துவிடும். மெழுகின் எடைக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு உலோகம் தேவை. ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைக்கிறார்கள். அச்சு உடைந்துபோவதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோழர் காலச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே முழுக்க உலோகம், அதாவது கனவார்ப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரம் முழக்கணக்கிலும் விரற்கணக்கிலும் வெட்டப்பட்டிருக்கிறது. எத்தனை கை, எப்படிப்பட்ட பீடம் என்பது வரை குறிப்பு உண்டு. இமயமலைப் பகுதியிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ளே களிமண் கரு வைத்த பொள்ளல் வார்ப்பு நிறைய. திபெத்தியச் சிலை என்றால் அந்தப் பொள்ளலுக்குள் மந்திரம் எழுதிய தாள் சுருளும் தானியமும் வைத்து, அடியைச் செப்புத் தகட்டால் மூடி, தகட்டில் குறுக்கு வஜ்ரம் (வஜ்ராயுதச் சின்னம் இரண்டைக் குறுக்கே வைத்த வடிவம்) பொறித்திருப்பார்கள். சிலையின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்துக் காட்டும் அருங்காட்சியகம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய சீனா தனி வழி. ஷாங் கால வெண்கலப் பாத்திரங்களுக்கு மெழுகு இல்லை. மண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தி வார்த்தார்கள். துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு சில பாத்திரங்களில் இன்றும் தெரியும்.

சோழர் சிலைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பீடம். பக்கங்களில் ஓட்டையோ வளையமோ இருக்கும். உற்சவர் என்பதற்கு அதுதான் சான்று: தண்டு நுழைத்துத் தோளில் தூக்கி வீதியுலா கொண்டுபோனார்கள். பீடத்திலோ அதன் மேற்பரப்பிலோ இருக்கும் முளைகள், சிலையைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசியை நிறுத்துவதற்கு. திருவாசி இல்லாமல் முளை மட்டும் நின்றால், கூட இருந்த ஒன்று எங்கோ போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து முகம். பல நூற்றாண்டு அபிஷேகத்தில், பால் தயிர் சந்தனம் தேய்த்துக் கழுவியதில் மூக்கும் உதடும் மழுங்கி வழவழப்பாகியிருக்கும். சில சிலைகளில் பிற்காலத்தில் யாரோ உளியால் கண்ணைத் திரும்பவும் வெட்டியிருப்பார்கள். உடல் மிருதுவாகவும் கண் மட்டும் கூர்மையாகவும் தெரிந்தால் அதுதான் காரணம். என்னைக் கேட்டால் புத்தம் புதிது மாதிரி இருக்கும் முகத்தைவிட இந்த மழுங்கிய முகத்துக்குத்தான் மதிப்பு அதிகம். எத்தனை கை பட்ட முகம்!

அப்புறம் பின்பக்கம் போங்கள். தலைக்குப் பின்னால் பூ வடிவச் சக்கரம், அதைச் சிரச்சக்கரம் என்பார்கள். அதன் கீழ் தோள்மேல் விழும் சடைச் சுருள்கள், முதுகில் இறங்கும் பூணூலின் வளைவு, இடுப்பில் ஆடை முடிச்சு. ஊர்வலத்தில் பின்னால் வருகிறவனுக்கும் சாமி தெரிய வேண்டுமல்லவா? அதனால் முதுகிலும் குறை வைக்கவில்லை. சிலையைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் கண்காட்சி பாதிக் கண்காட்சிதான்.

நடராஜர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

பார்க்கப் பார்க்க வித்தியாசம் தெரியும். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி கட்டிய கற்கோயில்களின் சுவர் மாடங்களில் ஆடவல்லான், அதாவது நடராஜர், இடம் பிடித்தபின் இந்த வடிவம் செம்பிலும் பரவியது. முந்தையவற்றில் திருவாசி சற்று நீள்வட்டமாக இருக்கும், பின்னால் முழு வட்டமாகிவிடுகிறது. விரிசடையில் கங்கை எந்தப் பக்கம், காலடியில் மிதிபடும் முயலகன் எப்படிப் படுத்திருக்கிறான், தூக்கிய கால் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரை ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றவற்றை எடைபோட ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

சில சிலைகளின் நிலை விசித்திரமாக இருக்கிறது. கை ஏதோ இல்லாத பொருளின் மேல் வைத்த மாதிரி நிற்கிறதே?

துணையை இழந்தவை அவை. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இதற்குப் பெரிய உதாரணம். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதில் பாம்பு நெளிய, ஒரு காலை மாற்றிப் போட்டு ஒயிலாக நிற்கிறார். வலக்கை ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்திருக்கிறது. அந்த ஒன்று காளை. காளை இப்போது இல்லை. இருந்தாலும் அந்த முழங்கையின் வளைவைப் பார்த்தாலே காளையின் உயரம் தெரிந்துவிடும்.

தனியார் சேகரிப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. சிவனை ஒருவர் வாங்குவார், பக்கத்தில் நின்ற உமை வேறு நாட்டுக்குப் போய்விடுவாள். தனியாக நிற்கும் தேவியின் தலை சற்றே ஒரு பக்கம் திரும்பியிருந்தால் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறாள் என்று யோசியுங்கள்.

புத்தர் சிலைகளை நாடு பிரித்து அடையாளம் காண்பது எப்படி?

தலை உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று இருந்தால் நாகப்பட்டினம், இலங்கை, தாய்லாந்து மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பில்லாதது போல வழுவழுப்பான உடம்போடு நடந்து வரும் புத்தர் தாய்லாந்தின் சுகோதை. பொன்முலாமும் நீலப் பச்சைக் கற்களும் இமயமலைப் பக்கம். இதெல்லாம் தொடக்கத்துக்கு உதவும் குறிப்புகள்தான், விதி இல்லை.

விதியாக்க முடியாததற்குக் காரணம் சிலைகள் ஊர் சுற்றியது. சிறிய புத்தரை யாத்ரீகர் மூட்டையில் கட்டிக்கொண்டு போகலாம். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் பாலபுத்ரதேவன் நாளந்தாவில் விகாரம் (பௌத்த மடம்) கட்டியதை வங்காளப் பால அரசன் தேவபாலனின் செப்பேடு சொல்கிறது. அதே ஸ்ரீவிஜயத்து மன்னன் ஒருவன் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ஆனைமங்கலம் செப்பேடுகளில் அது இருக்கிறது, அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து வெளிவந்த பௌத்த வெண்கலங்கள் சுமார் 350. அவை இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே ஜாவாச் சிலையில் நாளந்தா முகமும் நாகப்பட்டினத்துச் சிலையில் இலங்கைச் சாயலும் தெரிந்தால் ஆச்சரியம் வேண்டாம்.

ஆண்டு பொறித்த சிலை கிடைத்தால் நின்று பாருங்கள், அவை அபூர்வம். பிரண்டேஜ் சேகரிப்பில் இருந்த ஒரு பொன்முலாம் பூசிய புத்தரில் கி.பி. 338க்குச் சமமான ஆண்டு இருக்கிறது. சீனப் புத்தர் சிலைகளில் ஆண்டு தெரிந்தவற்றுள் மிகப் பழையது அதுதான்.

பச்சையாக இருக்கிறதே, சுத்தம் செய்யக் கூடாதா?

கூடாது. மண்ணுக்குள் கிடந்த சிலையில் ஏறிய கெட்டியான களிம்பு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். தமிழ்நாட்டில் 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின்போதும் அதற்குப் பிறகும் கோயில் சிலைகளை மண்ணில் புதைத்து வைத்தார்கள்; வைத்தவர்கள் திரும்பி வரவில்லை. கருத்து மினுமினுக்கும் சிலை வழிபாட்டில் தொடர்ந்து இருந்திருக்கலாம், பச்சைச் சிலை புதைந்து கிடந்திருக்கலாம்.

வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிர்வது வேறு. குளோரைடு உப்பு ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும் நோய் அது. கண்ணாடிப் பேழைக்குள் ஈரப்பதம் குறைவாக வைப்பதும், தொடாதீர்கள் என்று பலகை வைப்பதும் இதற்காகத்தான். வியர்வையிலும் அதே உப்பு இருக்கிறது.

சாமி சிலைக்கு முன் கும்பிடலாமா?

தாராளமாக. காவலர்களுக்கு அது பழகிப்போன காட்சி. பூவும் கற்பூரமும் மட்டும் வேண்டாம்.

கோயிலில் இந்த உற்சவரைப் பார்த்தால் பட்டும் மாலையும் நகையும் மூடியதுபோக முகமும் பாதமும்தான் தெரியும். இங்கே உடல் முழுவதும் தெரிகிறது. சிற்பி செய்த இடுப்பு வளைவைப் பக்தர்கள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை என்பது யோசித்தால் வேடிக்கைதான். சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்திலும் நியாயம் உண்டு.

லேபிளின் கடைசி வரியில் அப்படி என்ன இருக்கிறது?

சிலை யார் யாரிடம் கைமாறி வந்தது என்ற விவரம். ‘தனியார் சேகரிப்பு, லண்டன், 1980களில் வாங்கியது’ என்று மொட்டையாக இருந்தால் அதற்கு முன் எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். உற்சவர் சிலை எதுவும் ஒரு கோயிலுக்கென்று செய்யப்பட்டதுதான்.

இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படியே பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் தேவைப்பட்டது. 1972இல் வந்து 1976இல் நடைமுறையான சட்டம், நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் ஏற்றுமதி செய்வதையே தடுத்துவிட்டது. உலக அளவில், கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதனால் பல அருங்காட்சியகங்கள் 1970ஐ ஒரு கோடாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே சொந்த நாட்டைவிட்டு வெளியேறியது என்று காகிதம் இருந்தால் போதும் என்கின்றன. இது வசதிக்காகப் போட்ட கோடு என்பதுதான் என் கருத்து. 1969இல் திருடினால் திருட்டு இல்லையா?

நடந்தவற்றைப் பார்ப்போம். சிவபுரம் நடராஜரை 1950களில் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் போலி ஒன்றைச் செய்து கோயிலுக்குக் கொடுத்துவிட்டு அசலை விற்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று கண்டுகொண்டார். அசலை அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் 1973இல் வாங்கினார். வழக்கு நடந்து, பத்தாண்டு அமெரிக்காவில் காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவது என்று சமரசமாகி, 1986இல் திரும்பி வந்தது.

பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து, ரகசியமாக விற்கப்பட்டு, 1982இல் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குப் போனது. லண்டனில் நடந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூடச் சாட்சியாயின. பாழடைந்த கோயிலே வழக்காடலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது, நடராஜர் வந்து சேர்ந்தார்.

ஸ்ரீபுரந்தான் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அரியலூர் மாவட்டத்து அந்தக் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே கோயிலின் உமை சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனாள். விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதானார்; 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. நடராஜர் 2014இலும் உமை 2015இலும் இந்தியா திரும்பினார்கள்.

1970க்கு முந்தைய கதையும் முடிந்துபோனது அல்ல. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார், 1957இல் கும்பகோணம் அருகே ஒரு பெருமாள் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம் காட்டிக்கொடுத்தது. சிலையைத் திருப்பித் தரலாம் என்று பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் பாதி வழக்குகள் நின்றிருக்காது.

நாம் மட்டுமல்ல, கம்போடியாவும் இதே பாடுதான் பட்டது. கம்போடியாவின் பழைய கெமர் கலை பற்றி நூல்களே வெளியிட்ட சேகரிப்பாளர் டக்ளஸ் லாட்ச்ஃபோர்டு மீது 2019இல் நியூயார்க்கில் குற்றச்சாட்டு பதிவானது. விசாரணைக்கு முன்பே 2020இல் இறந்தார். அவருடைய சேகரிப்பை மகள் கம்போடியாவுக்கே கொடுக்கச் சம்மதித்தார்.

அப்படியானால் தனியார் சேகரிப்பெல்லாம் திருட்டுச் சொத்தா?

அப்படிச் சொல்லக் கூடாது. 19ஆம் நூற்றாண்டிலேயே வெளியே போனவை, மடங்கள் தாமாக விற்றவை, திபெத்திலிருந்து அகதிகள் சுமந்துவந்து வேறு வழியின்றி விற்றவை எல்லாம் உண்டு. நல்ல சேகரிப்பாளர் ரசீதையும் பழைய படத்தையும் வெளியிடத் தயங்கமாட்டார். கேட்டால் கோபம் வருகிறவரிடம்தான் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க முடியுமா?

நம் கண்ணுக்குக் கஷ்டம். ஆய்வகத்தில் உலோகக் கலவையைப் பார்ப்பார்கள்; துத்தநாகம் மிக அதிகமாக இருந்தால் பழமை சந்தேகத்துக்குரியது. உள்ளே சுட்ட மண் கரு மிச்சமிருந்தால் அது எப்போது சூடானது என்று கணிக்க வழி இருக்கிறது. கனவார்ப்பில் அந்த வசதி இல்லை. அமிலம் ஊற்றி ஏற்றிய களிம்பு நுண்ணோக்கியில் அகப்பட்டுவிடும்.

படம் எடுக்கலாமா?

இரவல் சிலைகளுக்கு உரிமையாளர் நிபந்தனை போட்டிருக்கலாம், நுழைவாயிலில் கேட்டுவிடுங்கள். ஓவியம், துணி மாதிரி வெண்கலம் வெளிச்சத்தில் கெடாது. கூடத்தை இருட்டாக வைப்பது பெரும்பாலும் நாடகத்துக்குத்தான்.

எங்கள் ஊர்க் கோயில் சிலை மாதிரி ஒன்று தெரிந்தால் என்ன செய்வது?

அங்கேயே சத்தம் போடுவதில் பயனில்லை. பேழையில் இருக்கும் எண்ணையும் லேபிளையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் முன், பின், பீடம் மூன்றையும் படமெடுங்கள். பீடத்து எழுத்து, உடைந்த விரல், ஒட்டுப் போட்ட இடம் இவைதான் அடையாளத்துக்கு உதவும், முகச்சாயல் உதவாது. ஊரில் திருவிழாப் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழ்நாட்டுச் சிலை என்றால் 1983 முதல் செயல்படும் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு எழுதலாம். பழைய படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையும் அணுகலாம். அருங்காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள், கைமாறிய விவரத்தைக் கேட்டு.